கிங்ஸ்பரி என்றொரு பெயர்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியது சோம்பலால் இல்லை, வலது கண்ணால். படலம் எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இப்போது பல்கணியில் நின்றால் கரையோர ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவனின் சேர்ட் நிறம்கூடத் தெரிகிறது. "கடல் தெரியிறது இருக்கட்டும், அறை மூலையில் இருக்கிற தூசி இப்பவாவது தெரியுதா?" என்று கேட்கிறாள் என் மனைவி. தெரிகிறது என்று சொன்னால் தும்புத்தடி கைக்கு வரும். அதனால் பேசாமல் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரொறன்ரோ சபை மிஷன் வேலைக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது, அதை இங்கே மலையகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் அனுப்பலாம். ஆனால் உன் கொமிட்டி கேட்டிருக்கும் பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபிக்காதே. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு படம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை தன் கையால் எழுதிய நன்றிக் கடிதம். நாம் வட்டுக்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அல்லவா? இந்தக் கதை நமக்குப் புதிதா?

1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கியபோது, அமெரிக்காவில் இருந்தவர்கள் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளலாம், அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரையும் வைக்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்றெல்லாம் நம் பெரிய தமிழறிஞர்களின் பெயருக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெயர்கள் வந்து உட்கார்ந்தது அப்படித்தான். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளைக்குச் சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பரி என்ற பெயர். (இன்று கொழும்பில் கிங்ஸ்பரி என்றால் கோட்டையில் இருக்கிற ஹோட்டல்தான். ஓட்டோக்காரனிடம் வேறு கிங்ஸ்பரியைக் கேட்டுப் பார்.)

அந்தப் பிள்ளை என்ன ஆனான்? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவர் அதே கரோல் விசுவநாதபிள்ளை, அவரும் நம் வட்டுக்கோட்டைதான். பிறகு தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பினார். ஏடு ஏடாகத் தேடி 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். சி.வை. என்ற முதலெழுத்துகளில் சிறுப்பிட்டியும் தகப்பன் வைரவநாதரும் வந்து நின்றுகொண்டார்கள், சார்ள்ஸ் வின்ஸ்லோ காணாமற்போனார்.

யோசித்துப் பார். ஏதோ ஒரு அமெரிக்கச் சபையில் சீட்டுக்கட்டிய மாதிரிச் சேர்த்த காசு, கடைசியில் ஒரு சங்க நூலைக் காப்பாற்றியிருக்கிறது. கொடுத்தவர்கள் அதற்காகவா கொடுத்தார்கள்? இல்லை. அவர்களுக்கு அது தெரிந்திருந்தால் நொந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். விசுவாசி என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் நோகிறது, ஒளிப்பானேன். ஆனாலும் அந்தக் காசு வீணானது என்று என் வாயால் சொல்ல வராது. கொடுத்த பிறகு காசு நம்முடையதல்ல. பெயர் வைத்தாலும் நம்முடையதல்ல.

அந்த நன்றிக் கடிதம்தான் எனக்குப் பிடிக்காதது. எட்டு வயதுப் பிள்ளை, முகம் தெரியாத ஒருவருக்கு, வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவது. நாம் விடுதியில் பரிசளிப்பு விழாவுக்கு முன்னால் வரிசையில் நின்று "தாங்க்யூ சேர்" பழகினோமே, ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு குழு பால்மா, கொப்பி, சப்பாத்து எல்லாம் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, ஜெபித்து, படம் பிடித்து, இரண்டு மணித்தியாலத்தில் போய்விட்டது. அடுத்த நாள் கோயில் தலைவருக்கும் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கும் முகம் கொடுக்க வேண்டியவர் அங்கேயே குடியிருக்கும் போதகர். பால்மாவுக்கு மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சை அவர் ஆறு மாதம் சுமந்தார். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நாமெல்லோரும் எவ்வளவு கொதித்தோம்! கொதித்தது சரிதான், ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு விறகு போட்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். உதவி உதவியாக இருக்கட்டும், பிரசங்கம் பிரசங்கமாக இருக்கட்டும். ஒன்றை மற்றதுக்குக் கூலியாக்கினால் இரண்டும் கெட்டுப்போகும்.

எங்கள் பைபிள் வகுப்பில் இப்போது பிலிப்பியர் நிருபம் ஓடுகிறது. பவுல் காவலில் இருக்கிறார், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்புகிறார்கள். கொண்டுபோன மனுசன் சாகக்கிடந்து பிழைக்கிறான். அனுப்பியவர்களுக்கு அந்தச் செய்தி போய், அவர்கள் கலங்கினார்கள் என்று இவன் கவலைப்பட, பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். இவ்வளவு காலம் அந்த நிருபத்தை வாசித்தும், காசோடு ஒரு ஆளும் போயிருக்கிறான் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. பங்காளிகள் என்றால் அதுதானே? நம் ஊரில் பங்காளி என்றால் காணியிலும் பங்கு, வேலிச் சண்டையிலும் பங்கு, செத்தவீட்டிலும் பங்கு. துடக்குக் காக்காத பங்காளி உண்டா?

இதை உனக்கு உபதேசமாக எழுதவில்லை, மச்சான். நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் சபையில் மிஷன் கணக்கு என் கையில் இருப்பது உனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பதி ஒன்றை நாங்கள் தாங்கிவந்தோம். வட இந்தியாவில் ஒரு மலைமொழியில் வேதாகமம் பெயர்க்கிறார்கள். (திருநெல்வேலிக்காரருக்கு இது பழைய பழக்கம். 1903இலேயே தங்களுக்கென்று ஒரு மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள், அசரியா அதன் முன்னணியில் நின்றவர். வெள்ளைக்காரர் அனுப்பி நாம் வாங்குவதுதான் மிஷன் என்று நினைக்கிற உன் கொமிட்டி இளைஞர்களுக்கு இதைச் சொல்.) 2022 வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியது. பெற்றோல் கியூவில் நின்றே பாதி நாள் போயிற்று. வெளியே காசு அனுப்புவதே பெரும்பாடு. காணிக்கைப் பையும் மெலிந்தது. நாங்கள் அனுப்புவதை நிறுத்தினோம்.

நிறுத்தியதில் தப்பில்லை. சொல்லாமல் நிறுத்தினேன், அதுதான் தப்பு. என்ன எழுதுவது என்று வெட்கம். இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளித் தள்ளி ஏழு மாதம் போயிற்று. ஒருநாள் அந்தப் பெண் எழுதினாள். காசைப் பற்றி ஒரு சொல் இல்லை. "உங்கள் நாட்டுச் செய்தியைப் பார்க்கிறோம், சமையலுக்குக் காஸ் கிடைக்கிறதா? தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம்" என்று. கூடவே, எங்களுக்கு அனுப்பவா என்று ஒரு கேள்வி. அந்தக் கடிதத்தை மனைவிக்குக்கூடக் காட்ட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இப்போது மறுபடி அனுப்புகிறோம், முன்னையதில் பாதிதான். ஆனால் மாதாமாதம் கடிதம் போகிறது. மழை, விலைவாசி, யார் வீட்டில் கலியாணம், எல்லாம் எழுதுகிறேன்.

ஆகவே உன் கொமிட்டிக்கு நான் சொல்வது இதுதான். பத்துப் பிள்ளைகளை விடு. நான் சொன்ன அந்தப் போதகரையும் அங்கே மாலை வகுப்பு நடத்தும் இரண்டு பெண்களையும் தாங்குங்கள். அந்த வகுப்புக்கு எல்லா லயத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், கோயில் தலைவரின் பேத்தியும் வருகிறாள். என்ன தேவை என்று அவரிடமே கேட்டேன். கட்டடம் கேட்பார் என்று நினைத்தேன். பெண்கள் இருவருக்கும் ஒழுங்கான சம்பளமும் ஓய்வுகாலச் சேமலாப நிதியும் வேண்டும் என்றார், தன் மோட்டார் சைக்கிளுக்கு டயர் வேண்டும் என்றார். இதைப் படம் பிடித்துச் சுவரில் மாட்ட முடியாது, எனக்குத் தெரியும்.

ஒரேயடியாகப் பெருந்தொகை அனுப்பாதீர்கள். ஐந்து வருடத்துக்குப் பிரித்து, சிறிதாக, தவறாமல் வரட்டும். காசு சபையின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், என் பெயருக்கோ போதகர் பெயருக்கோ வேண்டாம். எவ்வளவு நல்லவனென்றாலும் வேண்டாம். கணக்கு வருடாவருடம் பரிசோதித்து உங்களுக்கு வரும். கடிதத்தைப் போதகர் எழுதுவார், பிள்ளைகள் எழுதமாட்டார்கள். நீங்களும் பதில் எழுதவேண்டும். அது இல்லாவிட்டால் எனக்கு இந்த ஏற்பாட்டில் ஆசையில்லை.

அம்மா சோறு வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாவே, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோக? நீயும் அந்தப் பானைக்குள் கைவிட்டு அடிவாங்கியிருக்கிறாய். அந்த அரிசி யாருக்குப் போயிற்று என்று அவ ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அவ்வளவு மனம் இல்லை, எனக்குக் கணக்கு வேண்டும். உனக்கும் வேண்டும் என்று தெரியும்.

மாசியில் வருகிறாய் என்றாயே, கொமிட்டியில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வா. கோட்டையில் ரயில் ஏறி ஹட்டன், அங்கிருந்து பஸ், கடைசி இரண்டு மைல் நடை. கமராவைக் கொழும்பில் என் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். முழங்கால் எப்படி? நடக்க முடியாது என்றால் இப்போதே சொல், போதகரின் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் டயர் வாங்கவேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் விடுதிக் கூட்டாளி