மரடோனாவா, மரதோனாவா?

தமிழ்ச் செய்தித்தாள்களின் உதவி ஆசிரியர்களுக்கும் பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்க்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் என் புத்தக அலமாரியைத் தூசி தட்டி அடுக்கினேன். ஒரே எழுத்தாளர் மூன்று புத்தகங்களில் மூன்று பெயரோடு நிற்கிறார்: மார்க்வெஸ், மார்க்யூஸ், மார்க்கெஸ். மூவரும் 1982இல் நோபல் வாங்கிய அதே கொலம்பியக்காரர்தான். அந்த ஊர் வாய்க்குக் கிட்ட வருவது மூன்றாவது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முழுப் பெயர் காப்ரியேல் கார்சியா மார்க்கெஸ். கார்சியா அப்பா வழி, மார்க்கெஸ் அம்மா வழி. இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய குடும்பப் பெயர். ஸ்பானியக் கவிஞர் லோர்காவையும் ஓவியர் பிகாசோவையும் அம்மா வழிப் பெயரால் மட்டும் சொல்வது அவர்கள் ஊரிலேயே பழகிப்போனது. இவரை அங்கே ‘கார்சியா மார்க்கெஸ்’ என்றுதான் சொல்வார்கள், இல்லையென்றால் செல்லமாக ‘காபோ’.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்பானியப் பெயரை அச்சில் ஏற்றும் முன் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்காதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்வதை ஒரு தடவை காதால் கேளுங்கள். கைப்பேசியில் அரை நிமிட வேலை.

கேட்டால் முதலில் காணாமல் போவது ‘ட’. ஆங்கிலேயர் நாக்கு மேல் ஈறுக்குப் போகிறது, அது நமக்கு ‘ட’வாகக் கேட்கிறது. ஸ்பானியர் நாக்கோ பல்லைத் தொடுகிறது. அது அப்படியே நம் ‘த’. ‘அது’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வருகிற அந்த மெல்லிய ஒலிதான் மரதோனாவிலும் சிலி நாட்டுக் கவிஞர் நெரூதாவிலும் வருகிறது. ஃபிதெல் காஸ்த்ரோவுக்கும் இதே கதை. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான எழுத்து இல்லை, நம்மிடம் இருக்கிறது. இருந்தும் அவர்களைப் பார்த்து ‘ட’ போடுகிறோம்!

அப்புறம் ‘ஹ’. ‘ஜார்ஜ் லூயி போர்ஹே’ என்று அச்சில் பார்த்திருக்கிறேன். பின்பாதியில் ‘ஹ’ என்று தெரிந்தவருக்கு முன்பாதியில் ஏன் தெரியவில்லை? அந்த அர்ஜென்டினாக்காரர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ். கடைசி ‘ஸ்’ஸையும் முழுங்க வேண்டாம். பெரு நாட்டு எழுத்தாளர் வர்காஸ் யோசாவை ‘லோசா’ ஆக்குவதும் ஆங்கிலக் கண்ணால் படிப்பதால்தான். 2017இல் விம்பிள்டன் வென்ற முகுருசாவின் முதற்பெயர் கார்பிஞே. ‘ஞ’ என்று ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு ‘கார்பைன்’ என்று எழுதினால் எப்படி?

எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால் குவேராகூட ‘கெவாரா’தான், அந்த ‘உ’ ஊமை. ஆனால் சேகுவேரா என்று பிள்ளைகளுக்கே பெயர் வைத்தாயிற்று, ரேஷன் கார்டில் ஏறிய பெயரில் கை வைக்க முடியாது. மெக்சிகோவையும் விட்டுவிடலாம், ‘மெஹிகோ’ என்றால் யாருக்கும் புரியாது. புதிதாக வரும் பெயர்களையாவது முதல் நாளே சரியாகப் பிடியுங்கள். ஒரு வருடம் தலைப்புச் செய்தியில் தப்பாக ஓடிவிட்டால் பிறகு திருத்தவே முடியாது.

காதால் கேட்டு எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. இன்றைய ஸ்பெயினின் நவார்ராவில் ஹவியேர் கோட்டையில் 1506இல் பிறந்த ஒருவர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஹவியேர் என்ற அந்தப் பெயரின் முதலெழுத்தை அன்று ‘ஷ’ என்றுதான் சொன்னார்கள், போர்த்துக்கீசியர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடற்கரை மக்கள் அவரைச் சவேரியார் ஆக்கினார்கள். ‘சேவியர்’ ஆங்கிலப் பள்ளிக்கூடம் வழியாக வந்தது.

உங்கள் மேசையில் ஒட்டி வைக்க ஒரு பக்க அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன், பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்