கோவேறு கழுதைக்கு இரண்டு மதிப்பெண்: வினாத்தாள் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில இலக்கிய வினாத்தாள் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சென்ற பருவத் தேர்வில் இந்நாவலின் குறியீடுகளை விளக்கக் கேட்டிருந்தீர்கள். கேள்வியில் எனக்குக் குறையில்லை. உடன் வந்த விடைக்குறிப்புதான் சங்கடப்படுத்தியது. பேரிக்காய் மரம் என்றால் காதல், கோவேறு கழுதை என்றால் அடிமைத்தனம், கூந்தல் என்றால் சுதந்திரம், தொடுவானம் என்றால் கனவு என்று பிரித்து, தலைக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கியிருந்தீர்கள்.

கோவேறு கழுதையையே எடுத்துக்கொள்வோம். கறுப்பினப் பெண்தான் இவ்வுலகின் கோவேறு கழுதை என்று நாவலின் நாயகி ஜேனியிடம் முதலில் சொல்பவள் அவளுடைய பாட்டி. அடிமையாக இருந்து, எசமானனுக்குப் பிள்ளை பெற்று, எசமானியின் சாட்டைக்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு சதுப்புநிலத்தில் ஒளிந்து கிடந்தவள். பேத்திக்கு அந்தக் கதி நேரக்கூடாதென்றே, 60 ஏக்கர் நிலமுள்ள லோகனுக்கு அவளைக் கட்டிவைக்கிறாள். அவனோ, பெண்ணும் ஓட்டும் அளவுக்குப் பழக்கப்பட்ட கோவேறு கழுதையொன்றை வாங்கப் புறப்படுகிறான். ஏர் பிடிக்கப் போகிறவள் ஜேனி. அவனை விட்டு, இரண்டாம் கணவனாகும் ஜோ ஸ்டார்க்ஸோடு, அவன் மேயராகும் கறுப்பின ஊரான ஈட்டன்வில்லுக்குப் போனால், அங்கும் ஒரு கோவேறு கழுதை. ஊரார் அதைச் சீண்டி விளையாடுவதைப் பொறுக்காமல் ஜேனி முணுமுணுக்க, அது காதில் விழுந்த ஜோ, ஐந்து டாலருக்கு அதை வாங்கி ஓய்வாக மேயவிடுகிறான். ஊர் அவனைப் புகழ்கிறது. ஜேனியே அவனை லிங்கனோடு ஒப்பிட்டுப் பேசுகிறாள். அது செத்தபின் அதன் உடல்மீதே ஏறி நின்று இரங்கலுரை ஆற்றுகிறான் அந்த மேயர். அந்த வேடிக்கையைப் பார்க்க மனைவிக்கு மட்டும் அனுமதியில்லை. அவள் கடையில் இருக்க வேண்டும்.

'கழுதைக்குக் கிடைத்த விடுதலை அதைக் கேட்டு வாங்கித் தந்தவளுக்குக் கிடைக்கவில்லை' என்று ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தாள். குறிப்பில் இல்லாத வரி என்பதால் அதற்கு மதிப்பெண் தர எனக்கு வழியில்லாமல் போயிற்று. உண்மையில் அந்த விடைத்தாள் கட்டில் நாவலை வாசித்திருந்தவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றியது.

கூந்தலும் அப்படித்தான். வேறொருவன் பின்னலைத் தொட்டுப் பார்த்தான் என்பதற்காக ஜோ அவள் தலையைத் துணியால் கட்டவைக்கிறான். அவன் இறந்தவுடன் கண்ணாடிமுன் அவள் துணியைப் பிடுங்கிக் கூந்தலை அவிழ்ப்பதை எல்லா உரைநூல்களும் சொல்கின்றன. அடுத்த நிமிடமே வாரித் திரும்பக் கட்டிக்கொண்டு, ஊர் எதிர்பார்க்கும் முகத்தை அணிந்த பிறகே சன்னலைத் திறந்து சாவை அறிவிக்கிறாள் என்பதை ஏனோ விட்டுவிடுகின்றன. தலைத்துணிகளை அவள் எரிப்பது ஈமச்சடங்குக்குப் பின்னர்தான். அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டு 'கூந்தல் என்றால் சுதந்திரம்' என்று எப்படி எழுதுவது?

தொடுவானத்தைப் பாட்டி சிறுத்துப்போகக் கிள்ளிப் பேத்தியின் கழுத்தை இறுக்கக் கட்டினாள் என்று கசந்துபோகும் அதே ஜேனிதான், கடைசிப் பக்கத்தில் அதை மீன்வலைபோல் இழுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறாள். கழுத்தில் இருந்தது தோளுக்கு வந்ததை எந்த ஒற்றைச் சொல்லில் அடக்குவீர்கள்? பேரிக்காய் மரமோ, தேனீயும் பூவும் கூடும் காட்சியாக 16 வயதில் அவள் கண்டது. அந்தத் தேனீயாக வந்த மூன்றாம் கணவன் டீ கேக்கும் அவளை ஒருமுறை அடிக்கிறான் என்பதைக் குறிப்பு தொடவேயில்லை.

நாவலின் இறுதியில் வரும் புயலை 'இயற்கையின் சீற்றம்' என்று முடித்திருந்ததுதான் மிகவும் உறுத்தியது. ஃபுளோரிடாவின் ஓக்கீசோபி ஏரி 1928 செப்டம்பரில் கரையுடைத்துப் பாய்ந்ததில் 2,500 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்கள். நாவலில் வெள்ளையர் சடலங்களுக்குச் சவப்பெட்டி, கறுப்பர் சடலங்களுக்குச் சுண்ணாம்புத் தூள். பிணங்களை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னது இயற்கையல்லவே.

அடுத்த பருவத்திலாவது, ஏதேனும் ஒரு குறியீட்டை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கையில் எப்படி மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை மொத்தமாகப் பத்தாக வைத்து, பங்கிடுவதைத் திருத்துபவரிடம் விடுங்கள். மறுமதிப்பீட்டுக்கு இன்னும் காலம் இருந்தால், அந்த மாணவியின் விடைத்தாளையும் ஒருமுறை பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கிலப் பேராசிரியை