ஷோரூமுக்கு எந்த மாதம் வரும்?

ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் நிறுவனங்களின் இந்தியப் பிரிவுகளுக்கும், அவர்களுக்காகக் கோயம்புத்தூரில் ஷோரூம் நடத்துபவர்களுக்கும்

வணக்கம்.

குன்னூரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் வேலைதான் அதிகம். மலையில் ஓடுகிற வண்டியில் அவைதான் முதலில் தேயும். நீங்கள் விற்கிற ரகக் கார் என் கொட்டகைக்குள் வருவது அபூர்வம். ஆனாலும் டோக்கியோவிலோ டெட்ராய்டிலோ நீங்கள் ஒரு புது மாடலின் மேலிருந்து துணியை உருவினால், அன்று ராத்திரியே அந்த வீடியோ என் போனுக்கு வந்துவிடுகிறது. மறுநாள் கடையைத் திறப்பதற்குள் கேள்வியும் வந்துவிடும். "அண்ணா, இது நம்ம பக்கம் எப்ப வரும்?" குன்னூர் பெட்ஃபோர்டில் பேக்கரியில் வேலை பார்க்கிற பையனும் கேட்பான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வெலிங்டன் பக்கம் வீடு கட்டிக்கொண்ட பெரியவரும் கேட்பார். அவர் ஒரு படி மேலே. "தம்பி, ரைட் ஹேண்ட் டிரைவ் போடறாங்களா, இல்ல அமெரிக்காக்காரனுக்கு மட்டும்தானா?" என்பார்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். நீங்கள் வாயைத் திறக்காததால் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் குத்துமதிப்பாக. அதனால்தான் இந்த மடல்.

கேட்கிறவர்களில் வாங்கக்கூடியவர்கள் சொற்பம். அதை வைத்து இந்த ஆர்வத்தை எடை போட்டுவிடாதீர்கள். மலை இறங்கினால் கோயம்புத்தூர். குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டி, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லாதவர்களும் ஓட்டலாம் என்று காட்டிய கரிவரதன் அந்த ஊர்க்காரர். செட்டிபாளையத்து ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் அங்கிருந்து போனவரே. இந்த வட்டாரத்தில் காரைப் பற்றிப் பேசுவதற்கு சாவி கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கார் ஷோரூமுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், பஸ் ஏறிப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருகிற ஆட்கள் எங்களிடம் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

அறிமுக நாளுக்கும் ஷோரூம் நாளுக்கும் நடுவில் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். காட்டிய கார் பெரும்பாலும் கையால் செய்த ஒரு மாதிரி வண்டி. அப்புறம் ஆலையில் வரிசையாகத் தயாராக வேண்டும். முதலில் இடது பக்க ஸ்டியரிங், அதற்குப் பல மாதம் கழித்துத்தான் இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா மாதிரி நாடுகளுக்கான வலது பக்க ஸ்டியரிங். பிறகு நம் நாட்டு ஒப்புதல். வெளிநாட்டுத் தரச் சான்று பெற்ற வண்டியை, ஆண்டுக்கு 2,500 வரை, இங்கே மறுபடி முழுச் சோதனை இல்லாமல் இறக்கலாம் என்று 2018-இல் மத்திய அரசு வழிவிட்டது. அதனால் அந்தச் சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. பிறகு கப்பல். செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய 2023 கடைசியிலிருந்து நிறைய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போய்வந்தன. ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய காருக்கு அதுவே வாரக்கணக்கில் கூடுதல் பயணம். சுங்கம், விலை அறிவிப்பு எல்லாம் முடிந்து கார் முதலில் மும்பை, டெல்லி, பெங்களூருக்குப் போகும். கடைசியில்தான் கோயம்புத்தூர் அவிநாசி ரோடு.

இதில் எந்த இடத்தில் தாமதமானாலும் நான் குறை சொல்ல மாட்டேன். இரும்பு வேலை செய்கிறவனுக்குத் தாமதம் புரியும்.

2019 ஜூலை 18 அன்று அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் எட்டாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார்கள். அதுவரை முன்னால் இருந்த இன்ஜினைத் தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் உற்பத்தி என்று பேச்சு. செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 40 நாள் நீடித்தது. உற்பத்தி 2020 பிப்ரவரிக்குப் போயிற்று. மார்ச்சில் கொரோனா வந்து ஆலையையே மூட வைத்தது. யாரைக் கோபித்துக்கொள்வது? ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். கதை இன்னும் நீளம். 2012 ஜனவரியில் டெட்ராய்டில் மாதிரியைக் காட்டினார்கள். விற்பனைக்கு வந்தது 2016-இல். நடுவில், குறுக்குவாட்டில் இருந்த இன்ஜினை நெடுக்காகத் திருப்பி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ இரண்டையும் சேர்த்தார்கள். அப்படிச் செய்தால் காரின் பாதி எலும்புக்கூட்டை மறுபடி வரைய வேண்டும். நான்கு வருடம் ஆனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

போர்ஷேயின் 718 ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில்தான் எனக்கு வேறு கருத்து. 2022 மார்ச்சில், இந்தப் பத்தாண்டின் நடுவில் 718 முழுக்க எலக்ட்ரிக் ஆகிவிடும் என்றார்கள். 2025 செப்டம்பரில், இல்லை, மேல்நிலை வகைகளில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும் என்றார்கள். அதே ஆண்டில் பழைய பெட்ரோல் 718-இன் உற்பத்தி நின்றது. ஆண்டு முடிந்தபோது பழையதும் ஆலையில் இல்லை, புதியதும் ஷோரூமில் இல்லை. திட்டம் மாறுவது அவர்கள் உரிமை. ஆனால் முன்பு வருடத்தைச் சொன்ன அதே சத்தத்தில், மாறிய வருடத்தையும் சொல்லியிருக்கலாம்.

சரி, ஒழுங்காகச் செய்தவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். 2025 அக்டோபர் 17 அன்று ஸ்கோடா இங்கே ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் விலையைச் சொன்னது. மொத்தம் 100 கார்கள், 49.99 லட்சம், நவம்பர் 6 முதல் கையில் கிடைக்கும் என்றார்கள். அசல் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, நான்கு கதவு வண்டிதான், இருக்கட்டும். எண்ணிக்கை, விலை, தேதி மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். 100 காரும் விற்றுத் தீர்ந்தன. தேதி சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று உங்களில் யாராவது நினைத்தால் இதைக் கொஞ்சம் பாருங்கள்.

இப்போது புக்கிங் படிவத்துக்கு வருகிறேன். எனக்குப் பழக்கமான ஒருவர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம், ஒரு ஷோரூமில் முன்பணம் கட்டிவிட்டு வந்து அந்தத் தாளை என் மேஜை மேல் வைத்தார். வழவழப்பான கனமான தாள். பாடி கலருக்கு ஒரு கட்டம், பிரேக் கேலிப்பருக்குத் தனி கலர்க் கட்டம். சீட் தோல், அதன் மேல் போடும் தையல் நூல் என்ன நிறம் என்பதற்குக்கூடக் கட்டம் இருந்தது. டெலிவரி தேதிக்கு மட்டும் இடமே இல்லை. கீழே பொடி எழுத்தில், கிடைப்பதைப் பொறுத்து, முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று ஒரு வரி. மாப்பிள்ளை போட்டோவைப் பெரிதாகப் போட்டு, முகூர்த்த நாளை விட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

போன் செய்து கேட்டால், "நெக்ஸ்ட் குவார்ட்டர் சார்." அதை நம்பி அவர் பழைய காரை விற்றுவிட்டார். அந்தக் குவார்ட்டர் போய் அடுத்ததும் வந்தது. போனில் பதில் மாறவில்லை. அதுவரை அவர் அப்பாவின் பழைய ஜீப்பில் போய்வந்தார். அந்த ஜீப்பின் பிரேக்கை நான்தான் சரிபார்த்துக் கொடுத்தேன், ஆகவே எனக்கு வருமானம்தான். இருந்தாலும் சொல்கிறேன், அது சரியான முறை இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் தருவார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வங்கிக் கடன் ஒப்புதலுக்குக் காலக்கெடு உண்டு, பழைய காருக்கு ஒவ்வொரு மாதமும் விலை இறங்கும். இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க் காருக்கு வரியே சுமார் இருபது லட்சம். அவ்வளவு பணத்தை எந்த மாதம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

நான் கேட்பது நாள், நட்சத்திரம் எல்லாம் இல்லை. ஒரு மாதத்தைச் சொல்லுங்கள். கூடவே கார் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள்: வலது பக்க ஸ்டியரிங் உற்பத்தி தொடங்கிவிட்டதா, இந்தியாவுக்கு எத்தனை ஒதுக்கினார்கள், கப்பல் ஏறிவிட்டதா, கோயம்புத்தூருக்கு அதில் பங்கு உண்டா. தள்ளிப்போனால் நாங்கள் போன் பண்ணுவதற்கு முன்னால் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வலது பக்க ஸ்டியரிங் திட்டமே இல்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வெலிங்டன் பெரியவர் வேறு காரைப் பார்த்துக்கொள்வார். உற்பத்தி தொடங்கும் முன் முன்பணம் வாங்குவதை நிறுத்தினால் இன்னும் நல்லது. அது நடக்காது என்று எனக்கே தெரியும், கேட்டு வைக்கிறேன்.

இன்னொரு விஷயம். கார் வந்த பிறகு டெஸ்ட் டிரைவை அவிநாசி ரோட்டோடு முடித்துவிடாதீர்கள். ஒன்றை மலைக்கு அனுப்புங்கள். உங்கள் கையேட்டில் இருக்கிற குதிரைத்திறன் கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும்; டர்போ இருந்தால் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். 400 குதிரைத்திறன் என்று வாங்கியவர் லவ்டேல் ஏற்றத்தில் 320-ஐ வைத்துத்தான் ஓட்டுவார் என்றால், அதை வாங்குவதற்கு முன்பே அவர் தெரிந்துகொள்ளட்டும்.

டயரும் அப்படித்தான். நீங்கள் மாட்டித் தருகிற ஒட்டுப்பிடிப்பான கோடைக்கால டயர், வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துப் பிடிமானம் குறையும். ஜனவரி விடியலில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரத்தில் முதல் வளைவிலேயே புது ஓட்டுநருக்கு விஷயம் விளங்கிவிடும், மெதுவாகப் போனால். வேகமாகப் போனாலும் விளங்கும், தாமதமாக.

கொண்டை ஊசியில் ஒரே மூச்சில் திரும்புமா, இல்லை ரிவர்ஸ் எடுத்துத் திருப்ப வேண்டுமா? பெயின்ட் அழிந்த வேகத்தடையில் மூக்கு இடிக்குமா, முன்பக்கத்தைத் தூக்கும் வசதி நம் நாட்டு வண்டியில் உண்டா? இரண்டாம் கியரிலேயே பர்லியார் வழியாகக் கல்லாறு வரை இறக்கினால் ஆட்டோமேட்டிக் பெட்டி அந்தக் கியரைப் பிடித்து வைத்திருக்குமா, தானாக மேலே மாற்றிவிடுமா? கல்லாற்றுப் பக்கம் சக்கரத்தில் புகையோடு நிற்கிற சுற்றுலாக் கார்களைச் சீசனில் வாரம் தவறாமல் பார்க்கிறோம். பிரேக் பேட் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். உங்கள் காரின் பிரேக் பெரிது, தாங்கும் என்றே நினைக்கிறேன். அதை எங்கள் ரோட்டில் காட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பந்தயம் விடச் சொல்லவில்லை. இந்த ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், மூடுபனியில் திடீரென்று ஒரு காட்டெருமை நடுரோட்டில் நிற்கும். முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் எப்படிப் பேசுகிறது என்று பார்த்தாலே நல்ல ஸ்போர்ட்ஸ் கார் எது என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அந்தக் காரில் ஏதோ குறை.

வருவதாக இருந்தால் ஏப்ரல், மே வேண்டாம். சீசன் கூட்டத்தில் குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் பாதை போட்டுவிடுவார்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸும் உண்டு. நீலகிரியில் பதிவான எங்கள் டிஎன் 43 வண்டிக்கு அது தேவையில்லை, உங்கள் கோயம்புத்தூர் டெமோ வண்டிக்குத் தேவை, மறக்காமல் எடுத்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் மழைக்கு மரமும் மண்ணும் ரோட்டில் விழும். ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வார நாள்தான் வசதி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிப் பக்கம் போகலாம் என்று உங்கள் ஆள் ஆசைப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 36 கொண்டை ஊசி உள்ள அந்த ரோட்டில் வெளியூர் வண்டி இறங்க அனுமதி இல்லை. குன்னூரிலிருந்து ஊட்டி, திரும்பிக் கோத்தகிரி போதும். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க என் கடையில் ஜாக்கி இருக்கிறது, காசு வேண்டாம்.

விற்பனை ஆளோடு, மற்ற கார்கள் இப்போது ஆலையில் இருக்கின்றனவா, கப்பலில் இருக்கின்றனவா, எந்த மாதம் வந்து இறங்கும் என்று சொல்லத் தெரிந்த ஒருவரையும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் ஒர்க்‌ஷாப்காரன்