கேமராவுக்குத் தெரியாததை நீ சொல்

அன்புள்ள கண்ணா,

இனி வாராவாரம் செவிலியர் வீடியோ அழைப்பிலேயே, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு வந்த அழுத்தப் புண்ணை (படுக்கைப் புண்) பார்ப்பார் என்று எழுதியிருந்தாய். நல்ல ஏற்பாடு. மருத்துவமனைக்குப் போய்வர மணிக்கணக்கில் உட்கார்ந்து அதே இடத்தை நசுக்க வேண்டாம். ஆனால் சூடு, இறுக்கம், ஆழம், வாடை எதுவும் கேமராவில் தெரியாது. அவற்றை நீயும் உன் உதவியாளரும்தான் சொல்ல வேண்டும்.

புகைப்படத்தை அழைப்புக்கு முன்பே எடுத்து அனுப்பிவிடு. பழைய கட்டைப் பிரித்ததும், அதில் எவ்வளவு கசிவு, என்ன நிறம் என்று தெரிய அதை ஒரு படம். பிறகு சலைன் உப்புநீரால் கழுவி, புண்ணை ஒரு படம். பக்கத்தில் சென்டிமீட்டர் அளவுகோல், பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் படுத்து, முழங்காலை ஒரே அளவு மடக்கியிரு. உட்காரும் எலும்பின் மேலுள்ள புண், இடுப்பு மடங்குவதைப் பொறுத்து வடிவம் மாறும். ஆறாமலே சிறுத்ததுபோல் படத்தில் தெரியும்.

நீளத்தைத் தலை-கால் திசையிலும், அகலத்தை அதற்குக் குறுக்காகவும் உதவியாளர் அளக்கட்டும். ஆழத்துக்குக் கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சி. விளிம்புக்கு அடியில் குச்சி நுழைந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை 12 மணியாக வைத்து, '3 மணிப் பக்கம் 2 செ.மீ.' என்றால் செவிலியருக்குப் புரிந்துவிடும்.

நம்முடையது போன்ற கருத்த தோலில் முதல்நிலைப் புண் (தோல் இன்னும் உடையாத நிலை) சிவந்து காட்டாமல் போகலாம். புறங்கையை வைத்துப் பார். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, இறுகியோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுவே அறிகுறி. அங்கே தேய்த்துவிட வேண்டாம்.

இதைவிட முக்கியம், சக்கர நாற்காலியையும் அதன் இருக்கை மெத்தையையும் அழைப்பில் காட்டுவது. அழுத்தம் குறையாமல் எந்த மருந்துக்கட்டும் பலிக்காது. காற்று மெத்தை என்றால், நீ உட்கார்ந்திருக்கும்போது உட்காரும் எலும்புக்கு அடியில் உதவியாளர் கைவிட்டுப் பார்க்கட்டும். அடித்தட்டுக்கு மேல் 1 முதல் 2.5 செ.மீ. காற்று இருக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை வேண்டவே வேண்டாம், விளிம்பில் ரத்த ஓட்டம் தடைபடும். உட்கார அனுமதித்த நேரத்தில், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மார்பை மேசைமேல் சாய்த்து 2 நிமிடம் இரு. கையூன்றி எழும்புவதை அத்தனை நேரம் தாங்க முடியாது, தோள்மூட்டும் கெடும். இரவில் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி மட்டும் பக்கவாட்டில் சாய்வு, கெண்டைக்கால் அடியில் இன்னொன்று, குதிகால் அந்தரத்தில்.

காய்ச்சல், துர்நாற்றம், கருத்த சதை, எலும்பு தெரிவது — இவற்றில் ஒன்று வந்தாலும் அழைப்புக்குக் காத்திராதே, நேரில் போ. உன் தண்டுவடக் காயம் ஆறாம் மார்பு முள்ளெலும்புக்கு மேலே என்பதால், இந்தப் புண்ணே ரத்த அழுத்தத்தை எகிறவைக்கலாம். மண்டை இடிக்கும், முகம் வியர்க்கும். உடனே நிமிர்ந்து உட்கார், இறுக்கமான உடையைத் தளர்த்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பார். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு வழக்கத்தைவிட 20 கூடினாலே அபாயம். இறங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, பிறகு எனக்குச் சொல்.

அம்மா