சமன்பாட்டில் சின்ன உறுப்பை அடிக்கும் முன்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

"காற்றோட்டத்தைச் சொல்ற சமன்பாட்டில் ஆறேழு உறுப்பு இருக்கு, வாத்தியார் பாதியை அடிச்சுட்டு மிச்சத்துல கணக்குப் போடுறார், இது என்ன நியாயம் மாமா?" என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். ஆனால் எந்தப் புயலுக்கு, எந்த இடத்தில், எந்தக் கேள்விக்காக அடிக்கிறார் என்பதையும் சேர்த்து நோட்டில் எழுதிக்கொள்.

ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு பெரிது என்று உத்தேச எண்ணைப் போட்டுப் பார்த்துச் சின்னதை அடிக்கும் இந்த ஸ்கேல் அனாலிசிஸை எல்லாரும் தொடங்குவது மிதவெப்ப நாட்டுத் தாழ்வு மண்டலத்தில். அகலம் 1,000 கிலோமீட்டர், காற்று விநாடிக்கு 10 மீட்டர். எண்ணைப் போட்டால் அழுத்தச் சரிவும் கொரியோலிஸும் (பூமி சுற்றுவதால் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் விசை) 0.001 அளவில் வரும், காற்றின் முடுக்கம் 0.0001; எல்லாம் மீட்டர், விநாடிக் கணக்கில். பத்தில் ஒரு பங்கு, அடித்துவிடலாம். காற்று சமஅழுத்தக் கோட்டை ஒட்டியே ஓடும் என்பது அதனால்தான்.

அதை அப்படியே டெல்டாவுக்குத் தூக்கிக்கொண்டு வராதே. கஜா புயலை எடுத்துக்கொள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர். விநாடிக்கு 30 மீட்டர் என்று வை. மையத்திலிருந்து 30 கிலோமீட்டரில் நின்று பார்ப்போம். வளைந்து ஓடும் காற்றின் முடுக்கம், அதாவது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், 0.03. வேதாரண்யம் 10.4 பாகை அட்சத்தில் இருப்பதால் கொரியோலிஸ் காரணி (அந்த அட்சத்தில் பூமிச் சுழற்சியின் பங்கைச் சொல்லும் எண்) 0.000026 மட்டுமே, வேகமான 30-ஆல் பெருக்கினால் கொரியோலிஸ் 0.0008. முன்னது கிட்டத்தட்ட நாற்பது மடங்கு பெரிது. இந்த விகிதத்தைத்தான் ராஸ்பி எண் என்கிறார்கள்.

ஆக, அங்கே அடிபட்ட உறுப்பு இங்கே ராஜா. ராஜாவாக இருந்த கொரியோலிஸ் இங்கே செல்லாக்காசு. உள்ளிழுக்கும் அழுத்தச் சரிவை வளைந்து ஓடும் வேகமே தாங்கிக்கொள்கிறது. 10 கிலோமீட்டருக்கு 3 ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல் அழுத்தம் இறங்கினால் போதும், இந்த வேகம் நிற்கும். மையத்தைவிட்டு 500 கிலோமீட்டர் தள்ளிப் போய், காற்று விநாடிக்கு 8 மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பார்: முடுக்கம் 0.00013, கொரியோலிஸ் 0.0002. இரண்டும் பங்காளிகள், எதையும் அடிக்க முடியாது. ஒரே புயல், ஒரே ராத்திரி.

இனிமேல்தான் விஷயம். மையத்துக்கருகே கொரியோலிஸை அடித்த கையோடு, "புயலுக்கே அது தேவையில்லை" என்று பரீட்சையில் எழுதிவைத்துவிடாதே! 300 கிலோமீட்டருக்கு அப்பால் சுழலே இல்லாமல் சும்மா கிடக்கும் காற்றுக்கும் பூமி சுற்றுவதால் ஒரு கோண உந்தம் (மையத்தைச் சுற்றும் சுழற்சியின் அளவு) உண்டு: காரணியில் பாதி பெருக்கல் ஆரத்தின் வர்க்கம், சுமார் 12 லட்சம். அந்தக் காற்று உள்ளே 30 கிலோமீட்டருக்கு இழுக்கப்படும்போது, உந்தம் குறையாவிட்டால், வேகம் விநாடிக்கு 40 மீட்டர். பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் தென்னந்தோப்புகளைச் சாய்த்த வேகத்துக்கு முதல் எங்கே இருந்தது என்று கேட்டால், நீ அடித்த அந்த 0.000026-இல்தான். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே புயல் அநேகமாக உருவாகாததும் இதனாலேயே. விசைச் சமநிலைக்கு அது சில்லறை, சுழற்சிக் கணக்குக்கு அது மூலதனம்.

காற்று மேலும் கீழும் போவதைச் சொல்லும் செங்குத்துச் சமன்பாட்டிலும் இதே சூதுதான். சித்திரை மாதம் மன்னார்குடிப் பக்கம் சாயங்காலம் இடி இடித்துக் கொட்டுகிற மேகத்தில் காற்று விநாடிக்கு 10 மீட்டரில் ஏறும். கால் மணி நேரத்தில் அந்த வேகத்தை எட்டினால் முடுக்கம் 0.01. புவியீர்ப்போ 9.8. அடித்துவிடத் தோன்றும். ஆனால் புவியீர்ப்பைச் சுற்றுக்காற்றின் அழுத்தம் ஏற்கெனவே தாங்கிவிட்டது. இரண்டையும் கழித்தபின் மிஞ்சுவது மேகக் காற்றின் மிதப்பு. சுற்றிலும் இருப்பதைவிட 1 டிகிரி சூடு என்றால் 0.03. அதன் பக்கத்தில் 0.01-ஐ வைத்துப் பார், அடிக்க மனசு வராது.

நான் உந்தம் குறையாது என்று வைத்து 40 வாங்கினேன், கஜாவில் இருந்தது 30. நடுவில் தின்றது பெரும்பாலும் உராய்வு. கடல்மேல் அது எவ்வளவு, தோப்பும் வீடும் இருக்கிற தரைமேல் எவ்வளவு என்று நீயே எண்ணைப் போட்டு அனுப்பு. அக்காவிடம் சொல், பொங்கலுக்கு நீங்கள் எல்லாரும் இங்கேதான்.

அன்புடன்,
மாமா