நீ அனுப்பிய மூன்று வீடுகள்

அன்பு மகளுக்கு,

விடுமுறைக்குத் தங்கவென்று நீ அனுப்பிய மூன்று வீடுகளின் படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தேன். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தெற்கு இத்தாலியின் பூலியாவில் நான் இரண்டு கோடை இருந்திருக்கிறேன். பலெர்மோவில் நான் பராமரித்த நொன்னாவை, அந்த வயதான பாட்டியை, அவருடைய பிள்ளைகள் ஒஸ்தூனிக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் மசேரியாவுக்கு, அதாவது பழைய பண்ணை வீட்டுக்கு, கூட்டிப் போனபோது நானும் கூடப் போனேன். நீ அப்போது ஊரில் அம்மம்மாவோடு இருந்தாய். போய் இறங்கிய அன்று மண்ணைப் பார்த்துத் திகைத்துப்போனேன். நம்முடைய செம்பாட்டு மண்ணேதான். கீழே சுண்ணாம்புக்கல், மேலே சிவப்பு மண், கல் அடுக்கிய வேலி, கண்ணுக்கெட்டிய தூரம் ஆறே இல்லை. பனை மட்டும்தான் குறை. அதற்குப் பதில் ஒலிவ மரம். நாம் குசினி என்பதை இவர்கள் குச்சீனா என்கிறார்கள். நான் அதிகம் இருந்ததும் அங்கேதான். அதனால் நான் வீடு பார்ப்பதும் குசினிப் பக்கத்திலிருந்துதான்.

முதல் வீடு, கடலுக்குக் கிட்ட இருப்பது. வெள்ளைச் சுவர், நீல நீச்சல்குளம், அழகுதான். ஆனால் அத்தனை படத்திலும் ஒரு கோழி இல்லை, ஒரு மண்வெட்டி இல்லை. மசேரியா என்பது கட்டடத்தின் பெயர், அவ்வளவுதான். கடல் வழியாகக் கொள்ளைக்காரர் வந்த காலத்தில் உயர்ந்த மதிலும் காவல் கோபுரமுமாகக் கட்டிய பண்ணை வீடுகள் அவை. இன்றைக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலாக்கினாலும் பெயர் மசேரியாதான். பண்ணைத் தங்குமிடத்துக்குச் சொல்லும் அக்ரித்துரிஸ்மோ என்ற சொல் அப்படி இல்லை. 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாயம் செய்கிறவர்தான் அந்தப் பெயரில் ஆட்களைத் தங்கவைக்கலாம். விவசாயம் முதல் தொழில், விருந்தினர் அதற்குப் பிறகு. வாசலில் சூரியகாந்திப் பூப் போட்ட பலகை இருக்கிறதா என்று கேள். ஒன்று முதல் ஐந்து பூ வரை தரம் போடுவார்கள். ஐந்து பூ நமக்குத் தேவையில்லை. பூ கூடினால் வசதி கூடும். சமையல் கூடும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

இரண்டாவது, அல்பெரொபெல்லோவில் இருக்கும் அந்தக் கூம்புக் கூரை வீடு. ட்ருல்லோ. சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டியது. அந்த ஊர் 1996 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பகலில் பஸ் பஸ்ஸாகச் சனம். சுவர் தடிப்பு, உள்ளே வெயில் தெரியாது, அது நல்லது. ஆனால் ஜன்னல் கையகலம். மேல் பரணில் பிள்ளைகளின் படுக்கை, அதற்கு ஏணி. சின்னவன் இரவு மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்டு இறங்குகிறவன். ஒரு இரவுக்கு ஆசைக்காகத் தங்கலாம், ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

மூன்றாவது, கல்லிப்பொலிப் பக்கம். விலை ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்த ஒரு காரணம் இருக்கிறது. 2013 இல் அந்தப் பக்கத்தில்தான் ஒலிவ மரங்களைக் கொல்லும் சிலெல்லா என்ற பாக்டீரியாவை இத்தாலியில் முதலில் கண்டுபிடித்தார்கள். சின்னப் பூச்சி ஒன்று சாற்றை உறிஞ்சும்போது மரத்துக்கு மரம் பரப்பிவிடும். இலை கருகி, பிறகு மரமே கருகி, இலட்சக்கணக்கில் போயின. அந்த வழியே ஒருமுறை காரில் போனேன். நூற்றுக்கணக்கான வயது மரங்கள் சாம்பல் நிறத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றன. வன்னியில் போருக்குப் பிறகு மொட்டையாக நின்ற பனைகளை நீ பார்த்திருக்கிறாய், உனக்கு விளக்கத் தேவையில்லை. நோய் தாங்கும் வேறு ரகங்களை இப்போது நடுகிறார்கள். கடல் அங்கே நல்ல கடல்தான். ஆனால் விடுமுறைக்கு அந்தக் காட்சி எனக்கு வேண்டாம். அத்துடன் அந்த விளம்பரத்தில் சின் எண் இல்லை. 2025 இலிருந்து எந்தத் தங்குமிடமும் அரசு கொடுத்த அந்த எண்ணைக் காட்ட வேண்டும். அது இல்லாத இடத்துக்கு ஒரு யூரோவும் அனுப்பாதே.

கோபிக்காதே, நான் நான்காவது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சிஸ்தெர்னினோவுக்கும் ஒஸ்தூனிக்கும் நடுவில். அந்த வீட்டுப் பெண்ணோடு அரை மணி நேரம் கதைத்தேன். முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டேன். 1915 இல் மலைக்கு அப்பாலிருந்து பெரிய வாய்க்கால் வழியே பாரி நகருக்குத் தண்ணீர் வரும்வரை பூலியாச் சனம் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் வாழ்ந்தது. தோட்டத்து வீடுகள் பலவற்றில் இன்றும் தொட்டிதான், வற்றினால் தண்ணீர் பவுசர் வண்டி வர வேண்டும். ஆறு பேர் குளித்தால் போதுமா என்றேன். சிரித்துவிட்டு, போதும், ஆனால் குடிக்கப் போத்தல் தண்ணீர் என்றாள். நேர்மையான பதில். அப்புறம் இரவுச் சாப்பாடு. இவர்கள் எட்டரைக்கு முன் அடுப்புப் பக்கம் போக மாட்டார்கள், உன் பிள்ளைகளோ ஏழரைக்குத் தூங்கி வழிவார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஏழு மணிக்கு ஒரெக்கியெத்தே என்ற பாஸ்தா போட்டுத் தருவதாகச் சொன்னாள். மருமகன் மச்சம் சாப்பிடாத நாட்களைப் பற்றியும் கவலையில்லை. காய்ந்த அவரைப் பருப்பை மசித்து, கசப்புக் கீரையை வதக்கிப் பக்கத்தில் வைத்து, ஒலிவ எண்ணெய் ஊற்றித் தருவார்கள். பருப்பும் கீரையும்தானே! என்ன, காரம் இல்லை.

நீச்சல்குளம் இருக்கிறது, சுற்றி வேலி இல்லை. அதை நீயும் மருமகனும் யோசியுங்கள். இங்கே எனக்கும் பயம்தான்.

காலம் பற்றி. ஆகஸ்டு வேண்டாம். 15 ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ என்ற பெரிய விடுமுறை நாள், இத்தாலி முழுவதும் கடற்கரையில் கிடக்கும், விலை ஏறி நிற்கும், நண்பகலில் வெளியே கால் வைக்க முடியாது. நொன்னாவின் பேரப்பிள்ளைகளை நாங்கள் ஜன்னல் சாத்தி மாலை ஐந்து வரை உள்ளேயே வைத்திருந்தோம். மே கடைசியில் உங்கள் பள்ளிக்கூடம் ஒரு வாரம் விடுகிறதே, அப்போது வாருங்கள். கடல் குளிரும், உண்மைதான். ஆனால் செர்ரி பழுக்கும், கோதுமை மஞ்சளாகும், எட்டு மணி வரை வெளிச்சம்.

கார் இல்லாமல் முடியாது. தோட்டத்து முகவரியில் தெருப்பெயர் இராது, கொந்த்ராதா என்று ஒரு பகுதிப் பெயரும் எண்ணும்தான். ஒருமுறை நொன்னாவின் மகனையே போனில் இருந்த வரைபடம் யாரோ ஒருவரின் ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுபோய் விட்டது. பின்னால் எடுக்க வழியில்லை, இரண்டு பக்கமும் கல்வேலி, காரின் பக்கக் கண்ணாடி போய்விட்டது. ஆகவே பகலிலேயே போய்ச் சேர வேண்டும், சின்னக் கார் எடுக்க வேண்டும். பழைய ஊர்களுக்குள் செட்-டி-எல் பலகை, அதாவது அனுமதி இல்லாத கார் நுழையக்கூடாது என்ற பலகை, கண்டால் திரும்பிவிடுங்கள். கமெரா படம் பிடிக்கும், தண்டம் லண்டனுக்கே வரும்.

அந்தப் பெண் ஞாயிறு வரை அறையை வைத்திருப்பாள். எனக்கு ஒரு சின்ன அறை போதும் என்று சொன்னேன். நீ வேறு மாதிரிச் சொல்லிவிடாதே. காலையில் அவளுடைய குசினியில் ஒரு தேநீர் போட விடுவாளா என்றும் கேட்டேன். விருந்தாளி குசினிக்குள் வரக்கூடாது என்றாள். ஐந்து நாள் அப்படி இருந்து பார்க்கிறேன். மிளகாய்த்தூள் மட்டும் கைப்பையில் கொண்டு வருவேன்.

அம்மா