பழைய டாலர் காசைத் தேய்ச்சுக் கழுவாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பழைய அமெரிக்கக் காசு லட்சக்கணக்குல விலை போகுதுன்னு செய்தி போட்டிருந்தீங்க. அதைப் படிச்சிட்டு இங்க நியூஜெர்சில எனக்குத் தெரிஞ்ச நாலு பேர் போன் பண்ணிட்டாங்க, நான் 17 வருஷமா இந்தக் காசுங்களைச் சேர்க்குறவன்னு தெரியும்ல, எல்லார்கிட்டயும் 1943-ம் வருஷத்து ஒரு சென்ட் இருக்காம்.

அந்த வருஷம் போருக்குத் தாமிரம் வேணும்னு சென்ட்டை எஃகுல துத்தநாகப் பூச்சு குடுத்து அடிச்சாங்க, 100 கோடிக்கு மேல, அதனால சாம்பல் கலர்ல இருக்குறதுக்குப் பெரிய விலை கிடையாது. லட்சம் போறது, மிச்சமிருந்த தாமிரத் தகடு மெஷின்ல கலந்துபோய்த் தப்பா அடிபட்ட ரொம்பக் கொஞ்சம் காசுங்க மட்டும்தான். உங்க காசு சிவப்பா இருந்தா காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா எஃகு மேல தாமிர முலாம் பூசினது. ஒட்டலைன்னாலும் வருஷத்தை லென்ஸ் வெச்சுப் பாருங்க, 1948 காசுல எட்டைச் சுரண்டி மூணாக்கி விக்குற ஆளுங்க இருக்காங்க.

வெள்ளி டாலர் வேற கதை. 1878-லேர்ந்து 1904 வரைக்கும், அப்புறம் 1921-ல, அடிச்ச, மோர்கன்னு சொல்ற வெள்ளி டாலர்ல 24 கிராம் சுத்த வெள்ளி இருக்கு, அதனால அன்னிக்கு வெள்ளி விலை எவ்வளவோ அதுக்குக் கீழ யாருக்கும் குடுத்துடாதீங்க. அதுக்கு மேல எவ்வளவு கிடைக்கும்னு பாக்க, கழுகு இருக்குற பக்கத்துல மாலை முடிச்சுக்குக் கீழ பாருங்க, குட்டியா ஒரு எழுத்து இருக்கும், எஸ்னா சான் ஃப்ரான்சிஸ்கோ, ஓ-ன்னா நியூ ஆர்லியன்ஸ், சிசின்னா நெவாடால இருக்குற கார்சன் சிட்டி, எழுத்தே இல்லைன்னா பெரும்பாலும் ஃபிலடெல்ஃபியா. 1881-எஸ் ஒரு கோடிக்கு மேல அடிச்சது, 1893-எஸ் ஒரு லட்சம்தான், பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடிச்ச கணக்கை மட்டும் வெச்சும் முடிவு பண்ண முடியாது, 1918-ல வந்த சட்டத்தால 27 கோடி வெள்ளி டாலரை உருக்கிட்டாங்க. 1903-ஓ ரொம்ப அபூர்வம்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தப்போ 1962-ல அரசாங்க கஜானாலேர்ந்து மூட்டை மூட்டையா வெளிய வந்து விலை அப்படியே சரிஞ்சது.

இதுக்கெல்லாம் மேல இருக்கு காசோட நிலைமை. மோர்கன் டாலர்ல முன்பக்கம் இருக்குற பொண்ணு முகத்துல காதுக்கு மேல இருக்குற முடி, பின்பக்கக் கழுகோட நெஞ்சு, இது ரெண்டும்தான் முதல்ல தேயும். 1-லேர்ந்து 70 வரைக்கும் தர மார்க் இருக்கு, 60-க்கு மேலன்னா புழக்கத்துக்கே போகாத காசு. ரெண்டு மூணு மார்க் வித்தியாசத்துல விலை பல மடங்கு மாறும்.

எங்க தெருவுல இருந்த ஒரு பெரியவர் காலமானப்புறம் அவரோட பொண்ணு சுருட்டுப் பெட்டி ஒண்ணை எங்கிட்ட கொண்டுவந்தாங்க. உள்ள 1879-ம் வருஷத்து சிசி டாலர் இருந்துச்சு, எனக்குக் கையெல்லாம் நடுங்கிடுச்சு, ஆனா முந்தின ராத்திரிதான் பளபளன்னு இருக்கட்டும்னு பேக்கிங் சோடா போட்டுத் தேய்ச்சிருக்காங்க. முகம் பூரா மெல்லிசா கீறல். தரம் போடுற கம்பெனிக்கு அனுப்பினா இனிமே மார்க் நம்பரே வராது, தேய்ச்ச காசுன்னு எழுதித்தான் திருப்பி அனுப்புவாங்க. அவங்க அப்பா அத்தனை வருஷம் துணில சுத்திப் பத்திரமா வெச்சிருந்த காசு சார் அது, அவங்ககிட்ட அதைச் சொல்ல எனக்கு வாயே வரல.

இபே (eBay) வெப்சைட்டுல ஒருத்தர் கேக்குற விலையையும் பாக்காதீங்க, நிஜமா வித்து முடிஞ்ச விலை தனியா காட்டும், அதைப் பாருங்க.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி போடும்போது ஏலத்துல போன காசு எந்த எழுத்து, என்ன தரம்னு சேர்த்துப் போடுங்க, வீட்டுல இருக்குற காசைத் தேய்க்காதீங்கன்னு ஒரு வரியும் போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், நியூஜெர்சி